ஊறப்போட்ட மாப்பிள்ளை

என் மாமனார் வைரக்கண்ணுவைப் பற்றி எழுதுவதென்றால் சுண்டைக்காயில்தான் ஆரம்பிக்க வேண்டும். அவரும் அப்படித்தான் ஆரம்பிப்பார். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம், ஒருமுறை எங்கள் மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரிடம்கூட, "இப்ப சுண்டக்காயவே எடுத்துக்குங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அங்கிருந்து உலகத்தில் எந்த விஷயத்துக்கும் அவருக்கு வழி தெரியும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் தாவரவியல் படித்தவள், பெரம்பலூரில் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். மருமகளாக வந்த முதல் வாரமே அந்த மனுஷர் என்னை உட்காரவைத்து, காய்க்குள் தண்ணீர் எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று விளக்கினார். என் பொறுமையைப் பற்றி யாரும் எனக்குச் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

ஊர் பூலாம்பாடி. பச்சைமலையிலிருந்து சுண்டைக்காய் மூட்டை மூட்டையாக இறங்கும். அவரும் அவருடைய கூட்டாளி அய்யாக்கண்ணுவும் அதை வாங்குவார்கள். ஒவ்வொரு காயையும் கல்லால் லேசாகத் தட்டி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, ஊருக்கு மேற்கே இருக்கிற பாறையில் காயப்போடுவார்கள். சாயங்காலம் அள்ளிக்கொண்டு வந்து மறுபடி அதே மோரில் கொட்டுவார்கள். மறுநாள் மறுபடி பாறை. பானையில் மோர் தீர்கிறவரை இதே பாடுதான். மிளகாய், பாகற்காய், கொத்தவரங்காய் எல்லாவற்றுக்கும் அவர்கள் கையில் இதே கதி. வற்றலைப் பெரம்பலூர் சந்தையில் பாதியும் அரியலூர் ரயிலடிக் கடைகளில் பாதியும் போட்டுவிட்டு வருவார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாகற்காயை நறுக்கி உப்பைத் தூவிவைத்தால் கொஞ்ச நேரத்தில் தட்டில் தண்ணீர் நிற்கும், காய் துவண்டுபோகும். அந்தத் தண்ணீர் காயின் செல்களுக்குள் இருந்தது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. தண்ணீர் அதன் வழியாகச் சுலபமாகப் போகும், வரும். உப்பை அது லேசில் உள்ளே விடாது. எந்தப் பக்கம் உப்பும் சர்க்கரையும் மிகுதியோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். வெளியே உப்பு கூடினால் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறி, செல் சுருங்கும். வாடிப்போன வெள்ளரிப் பிஞ்சை நல்ல தண்ணீரில் போட்டால் உள்ளே போகும், பிஞ்சு விறைத்துக்கொள்ளும். பாடம் அவ்வளவுதான். என் மாமனார் இதைப் பாறையில் நின்று கண்ணால் பார்த்துச் சரியாகவே தெரிந்துவைத்திருந்தார். தகராறு வேறு இடத்தில். காய்க்கு என்ன நடக்கிறதோ அதுவேதான் மனுஷனுக்கும் நடக்கும் என்று நம்பினார். அக்கா மகன் பரீட்சையில் தோற்றபோது, "பய இன்னும் ஊறல" என்றுதான் சொன்னாராம்.

அந்த நம்பிக்கை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை. நடந்தது யுத்த காலத்தில். கரி போட்டு ஓட்டுகிற பஸ் மேட்டில் நின்றுவிட, ஜனங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்த வருஷங்கள். மாமனாருக்குக் கல்யாண வயது. ஆள் எப்படி இருப்பார் என்றால், சட்டை அவர் மேல் போட்டிருக்காது, தொங்கும். பக்கவாட்டில் திரும்பி நின்றால் கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அய்யாக்கண்ணு கேலி செய்வாராம்.

அரியலூரில் ஒரு கடலை மண்டியில் தராசு பிடித்தவர் வைத்திலிங்கம். மூட்டையைப் பார்த்தாலே எடை சொல்லிவிடுவார், கல்லை வைத்துப் பார்த்தால் அதே எடைதான் இருக்கும். அவருடைய ஒரே மகள் சிந்தாமணி. அப்பாவுக்கு மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு மண்டிக்கு வருவாள். ஒருநாள் வற்றல் கூடையோடு அங்கே நின்றிருந்த வைரக்கண்ணுவிடம் நேராக வந்து, போன தடவை வாங்கிய சுண்டைக்காயில் உப்புக் கரித்தது, வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை அவர் சரக்கை யாரும் குறை சொன்னதில்லை. வேறு ஆளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். இவருக்கு வந்தது காதல். ஊருக்குப் போய் மோரில் உப்பைக் குறைத்துத் தனியாக ஒரு பானை போட்டார். அது பூஞ்சை பிடித்துப்போனது. மறுபடி போட்டார். கட்டினால் சிந்தாமணியைத்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

ஜாதகம் பொருந்தியது. இரு பக்கமும் உறவுமுறை சரியாக இருந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் வைத்திலிங்கம் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார், மூட்டையைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு மண்டித் தராசில் ஏறி உட்காரச் சொன்னார். என் மாமனார் ஏறுவதற்கு முன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, இதையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டாராம். கதவுக்குப் பின்னால் நின்ற சிந்தாமணிக்கு அந்த ஒரு கேள்வியில் ஆளைப் பிடித்துப்போயிற்று. என் மாமியார் கடைசிவரை இதைச் சொல்லிச் சிரிப்பார்.

துண்டைச் சேர்த்தே மூன்றரை மணங்குதான் வந்தது. மணங்கு என்பது பழைய எடை, இன்றைக்குப் பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வைத்திலிங்கம் கல்லை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"பையன் நல்ல பையன்தான். நாலு மணங்கு ஏறட்டும். பொண்ணு தரேன்."

ஏன் நாலு மணங்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. தராசு பிடித்துப் பிடித்துத் திமிர் ஏறிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

அரை மணங்கு பெரிய விஷயமா, நாலு வேளை நன்றாகச் சாப்பிட்டால் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வழியை அடைத்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். வேறு யாருமில்லை, பெற்ற தாய் வீராயி. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டிருந்தது. பிள்ளை பிழைத்தால் கல்யாணத்துக்கு முன்னால் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று மாரியம்மனுக்கு அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அப்போதே செய்திருந்தால் ஒரு கூடை வெல்லத்தோடு முடிந்திருக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்துவிட்டான். அதற்கடுத்த வருஷம் இன்னும் வளர்ந்துவிட்டான். கடன் வளர்கிற மாதிரிப் பிள்ளை வளர்வதைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரே தாய் எங்கள் பக்கத்தில் அவளாகத்தான் இருப்பாள். யுத்தத்தில் வெல்லம் கண்ணில் படுவதே அரிதாயிற்று. கரும்பு போட்ட உறவுக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி மூன்றரை மணங்கு சேர்த்துவைத்திருந்தாள். அதற்குமேல் ஒரு கட்டி கிடையாது. ஆகவே மகன் இன்னொரு கரண்டி சோறு கேட்டால், "எதுக்கு?" என்று கேட்பாள்.

இதில் வைத்திலிங்கம் வேறு குட்டையைக் குழப்பினார். துலாபாரம் இருப்பதைக் கேள்விப்பட்டு, எப்படியும் கோயிலில் எடை போடப்போகிறீர்கள், நான் தை வெள்ளிக்கிழமை என் தராசைக் கொண்டுவருகிறேன், அங்கேயே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியனுப்பினார். ஒரே தராசு. அதில் மகன் இறங்கக்கூடாது என்று தாய் வேண்டிக்கொண்டிருந்தாள். இறங்காவிட்டால் சிந்தாமணி இல்லை.

சோற்றுக்கு வழியில்லை என்றானதும் என் மாமனார் பாறையில் உட்கார்ந்து யோசித்தார். எதிரே காய்ந்துகொண்டிருந்த சுண்டைக்காய் அவருக்கு வழிகாட்டியது. தன் கை வருஷம் முழுக்க உப்பு மோரில் கிடக்கிறது, உடம்பு வருஷம் முழுக்க வெயில் பாறையில் நிற்கிறது, ஆக மொத்தம் தானும் ஒரு வற்றல். வற்றலை என்ன செய்தால் பெருக்கும்? தண்ணீரில் போட்டால் பெருக்கும்.

அய்யாக்கண்ணு இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு ஆள் சிரித்திருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார். எருமை நாள் முழுக்க ஏரியில் கிடக்கிறது, அதனால்தான் அந்த உடம்பு என்று ஒத்துக்கொண்டாராம். கொக்கும்தானே தண்ணீரில் நிற்கிறது, அது ஏன் ஒல்லி என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. கொக்கு காலை மட்டும்தான் நனைக்கிறது என்று மாமனார் பதில் சொன்னார். அப்படியானால் காலாவது பெருத்திருக்க வேண்டுமே என்று அய்யாக்கண்ணு கேட்டார். அதற்கு இருவருக்கும் விடை கிடைக்கவில்லை. கொக்கை விட்டுவிட்டு எருமையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் என் மாமனார் ஏரியில் எருமைகளோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பை அடியோடு விட்டார், உப்புத்தானே தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது என்று கணக்கு. உப்பில்லாத களி, உப்பில்லாத குழம்பு. மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவதைப் பார்த்து வீராயி அம்மனுக்கு நன்றி சொன்னாள்.

மத்தியானம் கரையேறிக் கையைப் பார்த்தவருக்கு மூச்சே நின்றுவிட்டது. விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடந்தது. ஊறப்போட்டால் பெருக்க வேண்டியது, மேலும் வற்றலாகி வந்திருக்கிறது. தண்ணீர் எதிர்ப்பக்கமாகப் போகிறதோ, ஏரியில் யாராவது உப்பைக் கொட்டிவிட்டார்களோ என்று அள்ளிக் குடித்துப் பார்த்தார். கரிக்கவில்லை.

கரிக்காது. நம் மேல்தோலின் வெளிப்பக்கம் செத்த செல்கள், அடுக்கடுக்காக, நடுவில் எண்ணெய்ப் பசையோடு இருக்கின்றன. நன்றாக வேய்ந்த கூரை போல அது. மேலே மழை பெய்யும், உள்ளே ஒழுகாது. விரல் சுருங்குவது நரம்பு செய்கிற வேலை, உள்ளே ரத்தக் குழாய்கள் குறுகுவதால் தோல் மடிகிறது. ஏரி முழுக்கச் சுற்றி நின்றாலும் தோல் வழியாக ஆள் எடை ஏறாது. தவளைக்கு ஏறும். தவளை நிஜமாகவே தோலால்தான் தண்ணீர் குடிக்கிறது. என் மாமனார் தவளையாகப் பிறந்திருந்தால் அந்தத் தை மாதம் ஜெயித்திருப்பார்.

அவர் விடுகிற ஆளில்லை. இரண்டு நாள் யோசித்துக் குற்றத்தைக் கண்டுபிடித்தார். தட்டாத சுண்டைக்காய் எத்தனை நாள் ஊறினாலும் மோரைக் குடிக்காது. தொழிலில் முதல் பாடமே அதுதான், அதைப் போய் மறந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். தன்னைத் தட்டச் சொல்லி அய்யாக்கண்ணுவைக் கேட்டார். கல்லால் தட்ட அவருக்கு மனசு வரவில்லை. பனைமட்டை ஒன்றைச் சீவி எடுத்துவந்து, ஏரிக்கரையில் கூட்டாளியைக் குப்புறப் படுக்கவைத்து, தோளிலிருந்து குதிகால்வரை ஒரு இடம் விடாமல் பதமாகத் தட்டினார். பக்கத்து வயலில் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கொலை நடக்கிறது என்று ஓடிவந்து அய்யாக்கண்ணுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கீழே கிடந்தவரோ, இன்னும் இடது தொடை பாக்கி இருக்கிறது, ஏன் நிறுத்தினாய் என்று கோபித்திருக்கிறார். இரண்டு பேருக்கும் வேப்பிலை அடிக்க வேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தட்டியும் பயனில்லை. தை வெள்ளி நெருங்கிவந்தது. வெளியிலிருந்து நுழையாத தண்ணீரை வாய் வழியாகவே ஊற்றிவிடுவது என்று கடைசியாக முடிவெடுத்தார். எருமைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அந்த ஏரித் தண்ணீரையே சொம்பு சொம்பாகக் குடித்தார். உப்பில்லாத உடம்பில் வெறும் தண்ணீர் தங்காது, குடித்த வேகத்தில் கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார். எருமை குளித்த தண்ணீர் வயிற்றில் என்ன செய்யுமோ அதையும் செய்தது. புதன்கிழமை ஆரம்பித்த வயிற்றுப்போக்கு வெள்ளிக்கிழமையும் நிற்கவில்லை. சொன்னால் துலாபாரத்தைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், சிந்தாமணி கை நழுவிவிடுவாள் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வைத்திலிங்கம் தராசை மாட்டு வண்டியில் ஏற்றி, மகளையும் அழைத்துக்கொண்டு வந்துசேர்ந்தார். கோயிலுக்கு எதிரே புளியமரக் கிளையில் தராசைக் கட்டினார்கள். ஒரு தட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்தார், எதிர்த் தட்டில் வீராயி ஒவ்வொரு கட்டியாக வெல்லத்தை வைத்தாள். பானையில் இன்னும் நிறைய மீதி இருக்கும்போதே மகன் இருந்த தட்டு மேலே எழும்பிவிட்டது.

"மூணே கால்" என்றார் வைத்திலிங்கம்.

வெல்லம் மிச்சமாயிற்று என்று வீராயிக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது. உடனே அண்ணாந்து மகனைப் பார்த்தாள். கண் குழிக்குள் போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. இத்தனை நாளாக அவள் சோற்றைத்தான் பார்த்தாள், பிள்ளையைப் பார்க்கவில்லை. பானையைத் தூக்கி மீதி வெல்லம் முழுவதையும் தட்டில் கொட்டினாள், என் பிள்ளை இவ்வளவுதானா, இருக்காது, நல்லா பாருங்கள் என்று அழுதாள். வெல்லத் தட்டு தடாலென்று கீழே இறங்க, மாப்பிள்ளை மேலே போய், அங்கேயே மயங்கிச் சாய்ந்தார்.

இறக்கி மர நிழலில் கிடத்தினார்கள். கண் திறந்து தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீர் நிற்கவில்லை. அய்யாக்கண்ணு கைத்தாங்கலாகப் புதர்ப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், மறுபடி கொண்டுவந்து படுக்கவைத்தார். புதன்கிழமையிலிருந்து இப்படித்தான் என்று அவர்தான் அப்போது உண்மையைச் சொன்னார். வாந்திபேதி என்று யாரோ ஒருத்தர் சொன்னதும் கூட்டம் நாலு அடி பின்னால் நகர்ந்தது. வைத்திலிங்கம் திரும்பி நடந்துபோய் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றார். கல்யாணம் அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சிந்தாமணி மட்டும் சும்மா இருக்கவில்லை. அன்னதானத்துக்கு அடுப்பில் சோறு வடித்து, கஞ்சியைத் தனியே சட்டியில் ஊற்றிவைத்திருந்தார்கள். தெம்புக்கு இது நல்லது என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் வெல்லம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பக்கத்தில் வெல்லம் தராசுத் தட்டில்தான் இருந்தது. எட்டி ஒரு கட்டியை எடுத்தாள். பூசாரி பதறிக்கொண்டு ஓடிவந்தார், எடை போட்ட வெல்லம் அம்மனுடையது, தொடக்கூடாது என்றார்.

"ஆத்தாவுக்கு நான் அப்பறம் தரேங்க. இப்ப இவுங்களுக்கு வேணும்" என்றாள் சிந்தாமணி.

வெல்லத்தைக் கஞ்சியில் கரைத்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு, அவர் வாயில் ஊற்றினாள். ஊர் பார்க்க, கல்யாணம் முறிந்துபோன ஒருத்தனுக்கு, அவளே ஊற்றினாள். என் மாமனார் ஒரு வாய் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தார். தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது:

"உப்பு இருக்குங்க. நான் உப்ப விட்டுட்டேன்."

அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இருந்தது. சமையல்காரர்கள் தாங்கள் குடிப்பதற்காக அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுவைத்திருந்தார்கள். உப்புக் கஞ்சியில் வெல்லத்தைக் கரைத்து ஒரு நோயாளியின் வாயில் ஊற்றியிருக்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"உங்க வத்தல நான் தின்னேன்ல? குடிங்க" என்றாள்.

அவர் குடித்தார். வேறு வழி இல்லை.

தெரிந்திருந்தால் அவள் வெல்லம் போட்டிருக்கவே மாட்டாள். நம் பக்கத்தில் உப்புக் கஞ்சிக்கு வெங்காயம் கடிப்போம், வெல்லம் யார் போடுவார்கள்? ஆனால் குடலின் செல்களுக்கு வேண்டியிருந்தது அந்தத் தப்பான கலவைதான். அந்தச் செல்களின் சவ்வில் ஒரு கதவு உண்டு. சர்க்கரை தனியாக வந்தால் அது வழிவிடாது. உப்பில் இருக்கிற சோடியத்தைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் திறக்கும், ஜோடியாக வருகிறவர்களுக்கு மட்டும் இடம் கொடுக்கிற சத்திரக்காரர் போல. இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியில் மற்ற வழிகள் கெட்டுப்போனாலும் இந்தக் கதவு பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வெறும் தண்ணீர் நிற்காத வயிற்றில் உப்பும் இனிப்பும் கலந்த தண்ணீர் நிற்பது இதனால்தான். ஆராய்ச்சிக்காரர்கள் இந்த ஜோடிக் கதவைக் கண்டுபிடிக்க அதற்குப் பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பூலாம்பாடிப் புளியமரத்தடியில் யாருக்கும் அது தெரியாது. கஞ்சி வெளியே வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

நாலைந்து சிரட்டை உள்ளே போன பிறகு வைத்திலிங்கம் வண்டியை விட்டு வந்தார். மகள் கையிலிருந்து சிரட்டையை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவரே ஊற்ற ஆரம்பித்தார். சட்டி காலியானதும் இன்னொரு சட்டி கொண்டுவரச் சொன்னார், முதலில் போட்ட மாதிரியே போடு, மாற்றாதே என்றார். பூசாரி வெல்லத் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு வைத்திலிங்கம் மாப்பிள்ளையின் காதில் குனிந்து கேட்டார்:

"தம்பி, ஒண்ணுக்கு வருதா?"

சிந்தாமணி பக்கத்திலேயே நிற்கிறாள். என் மாமனார் செத்தால் தேவலை என்று கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். வைத்திலிங்கம் இன்னும் இரண்டு சிரட்டை ஊற்றினார், மறுபடி அதையே கேட்டார், கொஞ்சம் சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக. கூட்டத்தில் ஒருத்தர் முகம் ஒருத்தர் பார்த்தார்கள். பெண்ணைக் கொடுக்க வந்த மனுஷர் கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? அய்யாக்கண்ணுவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சிரிக்காதடா" என்றார் வைத்திலிங்கம். "என் தம்பி செல்லதுரை. இவன மாதிரியேதான், ஒல்லி. காலையில பேதி ஆரம்பிச்சிச்சு. நாந்தான் தண்ணி ஊத்துனேன். குடம் குடமா ஊத்துனேன், ஒண்ணும் நிக்கல. காலையிலேர்ந்து சொட்டு மூத்திரம் போவல. பொழுது சாயிறப்ப போயிட்டான். ஒடம்புல சதை இருந்திருந்தா ரெண்டு நாளு தாங்கியிருப்பான்ல?"

எடை போட்டே வாழ்ந்த மனுஷர், தம்பியைக் கொண்டுபோனது எதுவென்று அவருக்குத் தெரிந்த கணக்கில் பார்த்திருக்கிறார். மகள் கழுத்தில் தாலி கட்டுகிறவன் ஒரு பகலாவது தாங்க வேண்டும், அதற்குத்தான் நாலு மணங்கு. வீராயி வந்து மகனின் காலருகே உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டாள். வெயில் ஏறி, சாய்ந்தது. வடித்த கஞ்சியெல்லாம் தீர்ந்துபோய், சிந்தாமணியே புதிதாக ஒரு உலை வைத்தாள். அன்னதானம் சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே ஒரு மனுஷன் ஒன்றுக்குப் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மர நிழல் கோயில் சுவரைத் தொட்ட நேரத்தில் என் மாமனார் கண்ணைத் திறந்தார். வைத்திலிங்கத்தின் துண்டைப் பிடித்து இழுத்து, காதுக்குள் ஏதோ சொன்னார்.

வைத்திலிங்கம் அவரை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். மூன்றே கால் மணங்கு அவர் கைக்கு ஒரு பாரமே இல்லை. மரத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை அழுததற்கு அதன் தாய் வாயைப் பொத்தினாள். மரத்துக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது, முதலில் கொஞ்சமாக, பிறகு நன்றாகவே கேட்டது.

திரும்பி வரும்போது வைத்திலிங்கத்தின் முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டு கையிலும் மாப்பிள்ளை இருந்தார். வீராயியின் முன்னால் வந்து நின்றார்.

"வந்துடுச்சும்மா" என்றார். "மாப்ளைக்கு வந்துடுச்சு. நாள் பாக்கச் சொல்லுங்க."

பூசாரி, எடை இன்னும் சரியாக வரவில்லையே, வெல்லத்தை வேறு எடுத்துவிட்டார்களே, திரும்ப நிறுக்க வேண்டாமா என்று கேட்டார். வைத்திலிங்கம் தராசு இருந்த பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. கையில் இருந்தவரைக் கீழே இறக்கவும் இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு வீராயியின் வீடுவரை நடந்தார்.